வேகமாக வளரும் மென்பொருள் கம்பெனியில் புராடக்ட் டிசைனர் வேலை எப்படி இருக்கும்?

கோவையில் ஒரு விளம்பர ஏஜென்சியில் நான்கு வருடமாக டிசைனராக இருப்பதாகவும், மூன்றே வருடத்தில் ஐம்பது பேரிலிருந்து முந்நூறு பேராக வளர்ந்த சென்னைக் கம்பெனி ஒன்றிலிருந்து புராடக்ட் டிசைனர் (மென்பொருளின் திரைகளையும் அது வேலை செய்யும் விதத்தையும் வடிவமைப்பவர்) வேலைக்கு ஆஃபர் வந்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தினசரி வேலை எப்படி இருக்கும், தாக்குப்பிடிக்க முடியுமா, சேருமுன் என்னென்ன கேட்க வேண்டும் என்பது கேள்வி.

கிட்டத்தட்ட அதே மாதிரி ஒரு கம்பெனியில் எட்டு வருடம் இருந்தேன். சிறு, நடுத்தர வியாபாரிகளுக்கான பில்லிங், ஸ்டாக் மென்பொருள். சேரும்போது டிசைனர் நான் ஒருத்தன்தான். விலகும்போது பதினோரு பேர். எனவே நான் சொல்வதெல்லாம் வியாபாரங்களுக்கு மாதச் சந்தாவில் மென்பொருள் விற்கும் கம்பெனிகளுக்குப் பொருந்தும். சாப்பாடு ஆர்டர் செய்யும் ஆப், கேம் கம்பெனி எல்லாம் வேறு உலகம். அங்கே வேலை பார்த்தவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் ஸ்கிரீன் வரைவது கால்வாசிகூட வராது. யாரோ எப்போதோ அவசரத்தில் எடுத்த ஒரு முடிவை, சிமென்ட் இறுகுவதற்குள் கண்டுபிடித்துச் சொல்வதில்தான் மீதி நேரம் போகும். பல சமயம் நீங்கள் போய்ச் சேரும்போதே அது இறுகியிருக்கும்.

நான் சேர்ந்த இரண்டாவது வாரம், வாடிக்கையாளர் பட்டியல் திரையைக் கொஞ்சம் அழகுபடுத்தச் சொன்னார்கள். மாதிரிப் பெயர்களை விட்டுவிட்டு, நிஜ டேட்டாவையே எடுத்துப் போட்டுப் பார்த்தேன். ‘முருகேசன் .’, ‘செல்வி .’, ‘அப்துல் காதர் .’ என்று பெயருக்குப் பின்னால் ஒரு இடைவெளி, ஒரு புள்ளி. ஏதோ பக் என்றுதான் நினைத்தேன். ஃபார்மைத் திறந்து பார்த்தால் ‘லாஸ்ட் நேம்’ என்று ஒரு கட்டம், பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். அதை நிரப்பாமல் சேமிக்க விடாது. நம் ஊரில் யாருக்கு லாஸ்ட் நேம் இருக்கிறது? இருப்பது இன்ஷியல். கடைக்காரர்கள் இரண்டு நிமிடம் யோசித்திருப்பார்கள், அப்புறம் ஒரு புள்ளியை வைத்துவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறார்கள். அந்த ஃபார்மை எழுதிய டெவலப்பர் சேலத்துக்காரர். அவருக்கே லாஸ்ட் நேம் கிடையாது. ஏதோ அமெரிக்க மென்பொருளைப் பார்த்து வைத்தது என்றார்.

ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம் என்ற இரண்டு கட்டத்தையும் எடுத்துவிட்டு ‘பெயர்’ என்று ஒரே கட்டம் வைப்பது, திரைகளை வரையும் ஃபிக்மா மென்பொருளில் ஐந்து நிமிட வேலை. நிஜத்தில் அது நடக்க ஏழு மாதம் ஆனது. இன்வாய்ஸ் டெம்ப்ளேட், எக்செல் ஏற்றுமதி, தேடல், வெளி அக்கவுண்டிங் மென்பொருளோடு இணைப்பு என்று எல்லாமே அந்த இரண்டு கட்டத்தை நம்பி எழுதப்பட்டிருந்தன. அதனால் முதலில் அந்தச் சிவப்பு நட்சத்திரத்தை மட்டும் எடுக்க வைத்தேன். அது ஒரே நாளில் முடிந்தது. புதிதாகப் புள்ளிகள் வருவது நின்றது. பழைய புள்ளிகள் நான் விலகும்போதும் டேட்டாபேஸில் அங்கங்கே இருந்தன.

ஏஜென்சியிலிருந்து வருகிறவர்களுக்கு இதுதான் பெரிய மாற்றம். அங்கே ஒரு வேலையை முடித்து, க்ளையன்ட் ‘ஓகே’ சொன்னதும் ஃபைலைக் கொடுத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடலாம். இங்கே போன வருடம் நீங்கள் வைத்த பட்டன் இந்த வருடம் உங்களிடமே திரும்பி வரும்.

கம்பெனி வளர்வது என்றால் என்ன என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஐந்து பேர் டீமில் இருவர் இருவராகப் பேசிக்கொள்ள 10 ஜோடி. இருபது பேரானால் 190. முதல் வருடம் எதிர் மேஜையில் இருப்பவரிடம் ‘இதை மாத்திடலாமா?’ என்று கேட்டு முடித்த விஷயத்துக்கு, நான்காம் வருடம் ஒரு டாக்குமெண்ட், இரண்டு மீட்டிங், மூன்று பி.எம்.களின் (புராடக்ட் மேனேஜர்கள், எதைக் கட்டுவது என்று முடிவுசெய்பவர்கள்) சம்மதம் வேண்டியிருக்கும். யாரும் கெட்டவர்களாகிவிடவில்லை, எண்ணிக்கை மட்டும் கூடியிருக்கிறது. ஒரு நிறுவனத்துக்குள் ஆட்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்களோ, அது கட்டும் மென்பொருளும் அதே வடிவத்தில்தான் இருக்கும் என்று 1968-லேயே மெல்வின் கான்வே என்ற கணினி விஞ்ஞானி எழுதினார். எங்கள் செட்டிங்ஸ் பக்கத்தைப் பார்த்தாலே எத்தனை டீம், எந்த டீமுக்கும் எந்த டீமுக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று சொல்லிவிடலாம். ஒரு பக்கத்தில் சேமி பட்டன் வலது மேலே, அடுத்த பக்கத்தில் இடது கீழே, மூன்றாவதில் பட்டனே இல்லாமல் தானாகச் சேமிக்கும்.

தினசரி அட்டவணையில் பெரிய சுவாரசியம் ஒன்றும் இல்லை. காலையில் ஸ்டாண்ட்-அப், அதாவது இன்று யார் என்ன செய்கிறோம் என்று சொல்லிக்கொள்ளும் சின்ன மீட்டிங். பி.எம்.மோடு அடுத்த ஸ்பிரிண்டில், அதாவது அடுத்த சில வார வேலைத் தவணையில், என்ன என்ற பேச்சு. டெவலப்பர் வந்து, ‘இந்த லிஸ்ட்ல ஒண்ணுமே இல்லன்னா என்ன காட்டணும்? நெட் போயிட்டா? பேர் எண்பது எழுத்து இருந்தா?’ என்று கேட்பார். இப்படிக் கேட்கிற டெவலப்பர் கிடைத்தால் அவரோடு சாப்பிடப் போங்கள், அவர் தங்கம். மதியத்துக்கு மேல் இரண்டு மணி நேரம் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஃபிக்மா. சாயந்திரம் டிசைன் ரிவ்யூ. இரவு பதினோரு மணிக்கு ஃபவுண்டர் வேறொரு கம்பெனியின் ஸ்கிரீன்ஷாட்டை வாட்ஸாப்பில் அனுப்பி, ‘நாமளும் இப்படிப் பண்ணலாமே’ என்பார். காலையில் பதில் சொன்னால் போதும் என்பதைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

அந்த அட்டவணையில் இல்லாத ஒரு வேலைதான் எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக் கொடுத்தது. ஆபீஸை விட்டு வெளியே போய், நம் மென்பொருளை ஒருவர் பயன்படுத்துவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது.

ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்தக் கடை. பில் போடுகிற அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். எங்கள் மென்பொருளுக்கு வருமுன் பதினைந்து வருடம் டாலி என்ற கணக்கு மென்பொருளில் வேலை பார்த்தவர். டாலியில் பழகியவர்கள் மௌஸைத் தொடவே மாட்டார்கள். எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல், எஃப்5 பேமெண்ட், எஃப்6 ரசீது, எல்லாம் விரலிலேயே இருக்கும். எங்களுடையது பிரவுசரில் ஓடும் மென்பொருள். பிரவுசரில் எஃப்5 அடித்தால் பக்கம் முதலிலிருந்து மறுபடி திறக்கும்.

என் கண் முன்னால் இருபத்திரண்டு ஐட்டம் அடித்தார். வேட்டி, துண்டு, லுங்கி, ஒவ்வொன்றுக்கும் விலை, தள்ளுபடி. நடுவில் பார்ட்டி ஒருவர் பணம் கொடுக்க வந்தார். பேமெண்ட்டைப் பதிய, பழக்கத்தில் விரல் எஃப்5-க்குப் போனது. திரை ஒரு முறை வெளுத்தது. இருபத்திரண்டு வரியும் போயிற்று.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. முகம்கூட மாறவில்லை. பக்கத்தில் இருந்த நீள நோட்டை இழுத்துப் பிரித்து, அதில் பேனாவால் எழுதி வைத்திருந்த அதே இருபத்திரண்டு வரியை மறுபடி அடிக்க ஆரம்பித்தார். எதுக்குக்கா நோட்டு என்றேன்.

“இது அப்பப்ப முழுங்கிப்போடுதுங்க தம்பி. அதான் முன்னாடியே எழுதி வெச்சுக்கறது.”

இரண்டு வருடமாக அப்படித்தான் செய்துகொண்டிருந்தார். ஒரு புகாரும் கொடுத்ததில்லை. இன்னொரு வேடிக்கை என்னவென்றால், எங்கள் ஆபீஸ் டாஷ்போர்டில் அந்தக் கடை மிக நன்றாகத் தெரிந்தது. பில் பக்கத்தில் செலவிடும் நேரம் சராசரிக்கு மேல்; ஆகவே ஆர்வமாகப் பயன்படுத்துகிறார்கள் என்று ஒரு மீட்டிங்கில் பச்சை நிறத்தில் காட்டியிருக்கிறோம். அந்த ஸ்லைடைச் செய்தது நான்.

திரும்பி வந்ததும் ஒரு டெவலப்பர், எஃப்5-ஐ நாமே பிடித்துத் தடுத்துவிடலாம் என்றார். முடியும், ஆனால் கரண்ட் போனால்? யாராவது டேபை மூடிவிட்டால்? அடிக்க அடிக்க டிராஃப்டாகச் சேமித்து, திரும்பத் திறந்ததும் விட்ட இடத்திலேயே காட்டுவது என்று முடிவானது. ஒரு ஸ்பிரிண்ட் வேலை. ஸ்கிரீனில் வரைய எனக்கு இருந்தது ‘சேமிக்கப்பட்டது’ என்ற ஒரு சாம்பல் நிறச் சொல் மட்டும். அதன்பின் டேப் விசைக்குப் பதிலாக என்டர் அடித்தாலும் அடுத்த கட்டத்துக்குப் போகும்படி செய்தோம். நான் எட்டு வருடத்தில் செய்ததிலேயே கடைக்காரர்கள் போன் போட்டு நன்றி சொன்ன மாற்றம் அதுதான். என் போர்ட்ஃபோலியோவில் அதைக் காட்ட ஒரு படம்கூட இல்லை.

ஒரே மாதிரியான ஐந்து பயனர்களிடம் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று பயன்பாட்டு நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதியது இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது. ஐந்து சரியா என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு. பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் உள்ள தூரம்தான் பெரியது என்பது என் அனுபவம். ‘டேட்டாவை வைத்து முடிவெடுப்போம்’ என்று இன்டர்வியூவில் பெருமையாகச் சொல்லியிருப்பார்கள். கூகுளில் ஒரு லிங்க்கின் நிறத்துக்கு 41 வகை நீலத்தைச் சோதித்ததைக் குறையாகச் சொல்லி, டக்ளஸ் போமன் என்ற டிசைனர் 2009-இல் விலகிய கதையைக் கேட்டிருப்பீர்கள். கூகுளுக்குக் கோடிக்கணக்கானவர்கள் வருகிறார்கள், அதனால் அங்கே அந்தச் சோதனைக்கு ஒரு விடையாவது கிடைக்கும். நாலாயிரம் கடைகள் பயன்படுத்தும் மென்பொருளில் இரண்டு நீலத்தைச் சோதித்தால் ரிசல்ட் வருவதற்குள் நீங்கள் ரிட்டயர் ஆகிவிடுவீர்கள்.

பில், ஸ்டாக் மாதிரித் திரைகள் பார்க்க அழுமூஞ்சியாக இருக்கும். கட்டம் கட்டமாக, டிராப்-டவுன் டிராப்-டவுனாக. டிசைனர்கள் தங்கள் வேலையைக் காட்டும் டிரிபிள் (Dribbble) இணையதளத்தில் லைக் வாங்கும் வேலை இல்லை. ஆனால் சிட்டிபேங்க் கதையைப் பாருங்கள். 2020 ஆகஸ்ட் 11 அன்று ரெவ்லான் என்ற அழகுசாதன நிறுவனத்தின் கடனுக்காக வட்டி மட்டும், சுமார் 78 லட்சம் டாலர், கடன் கொடுத்தவர்களுக்குப் போயிருக்க வேண்டும். போனது கிட்டத்தட்ட 90 கோடி டாலர். அவர்கள் பயன்படுத்திய ஃப்ளெக்ஸ்கியூப் மென்பொருளில், அசல் தொகை வெளியே போகாமல் உள்கணக்கில் நிற்க வேண்டுமென்றால் மூன்று கட்டங்களிலும் குறிக்க வேண்டும். ஒன்றில் மட்டும் குறித்தார்கள். மூன்று பேர் பார்த்து ஒப்புதல் கொடுத்த பரிவர்த்தனை அது. மூன்று பேருக்கும் அந்தத் திரை ‘சரி’ என்றுதான் தெரிந்தது. ஏறத்தாழ 50 கோடி டாலரைத் திருப்பித் தர மாட்டோம் என்று சிலர் நின்றார்கள். 2021 பிப்ரவரியில் கோர்ட் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது, 2022 செப்டம்பரில் மேல்முறையீட்டில்தான் அது புரண்டது. இத்தனைக்கும் காரணம், எந்தப் பெட்டி என்ன செய்யும் என்று சொல்லாத ஒரு ஃபார்ம். உங்கள் கையில் வரப்போவதும் இந்த ரகத் திரைகள்தான், தொகை மட்டும் சின்னது.

சரி, நான் சொதப்பிய ஒன்று. இன்வாய்ஸ் திரையை முழுதாக மாற்றி வரைந்து, நாலு மாதம் உழைத்து, மார்ச் 28 அன்று எல்லாருக்கும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டோம். கணக்கு வருடம் முடிய மூன்று நாள். எங்களுக்குக் காலாண்டு இலக்கு மார்ச் 31, அதனால் அந்தத் தேதி. கடைக்காரர்களுக்கும் அதே மார்ச் 31 என்பது எங்கள் யார் மண்டைக்கும் ஏறவில்லை. மறுநாள் காலை சப்போர்ட் டீமில் இருந்த பெண் என் இடத்துக்கு வந்து, தன் ஹெட்செட்டை என் மேஜையில் வைத்தார். “அண்ணா, இன்னிக்கு மட்டும் நீங்க என் சீட்ல உக்காருங்க” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. உட்கார்ந்தேன். மதியத்துக்குள் முப்பத்தேழு கால். பழைய திரைக்குத் திரும்ப ஒரு பட்டன் வைத்திருந்தால் அவ்வளவும் வந்திருக்காது. அன்று சாயந்திரமே வைத்தோம். அதற்குப் பிறகு எங்கள் ரிலீஸ் காலண்டரில் மார்ச் கடைசி வாரமும், ஜி.எஸ்.டி. தாக்கல் தேதிகளான 11, 20-ஐ ஒட்டிய நாட்களும் சிவப்பு. அந்தச் சிவப்பைப் போட்டது டிசைன் டீம் என்பதில் எனக்கு இன்றும் ஒரு அற்பப் பெருமை.

டிசைன் சிஸ்டம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். எல்லாத் திரைகளுக்கும் பொதுவான பட்டன், நிறம், எழுத்து இவற்றின் தொகுப்புதான் அது. டிசைனர்கள் மூன்று நான்கு பேராகும்வரை அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்பேன். நாங்கள் ஆரம்பிக்கும்போது எண்ணிப் பார்த்தால் பதினான்கு வகை நீலப் பட்டன் இருந்தது. அதை ஒன்றாக்குவது எளிது. கஷ்டம் வேறு இடத்தில். இங்கிலீஷில் ‘ரிட்ரை’ என்று நாலு விரல் அகலத்தில் நின்ற பட்டன், தமிழில் ‘மீண்டும் முயற்சி செய்’ என்றதும் இரண்டு வரியாக உடைந்தது. வரி உயரத்தை இங்கிலீஷுக்கு அளந்து வைத்ததால் ‘கீ’ மேலே வெட்டுப்பட்டது, ‘ழு’ கீழே வெட்டுப்பட்டது. 1,00,000 என்று வர வேண்டிய இடத்தில் 100,000 வந்தது. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற அளவில் வெளிச்ச வித்தியாசம் வேண்டும் என்பது சர்வதேச அணுகல் விதி. எங்கள் அழகான வெளிர்சாம்பல் எழுத்து அதில் தேறவில்லை. வெயில் விழும் கடை வாசலில், பழைய மானிட்டரில், அது இருப்பதே தெரியாது. இதையெல்லாம் கம்போனன்ட்டிலேயே (பல திரைகளில் திரும்பப் பயன்படும் பட்டன், கட்டம் போன்ற துண்டுகளிலேயே) சரிசெய்து வைத்தால்தான் டிசைன் சிஸ்டம் என்ற பெயருக்கு அர்த்தம். நிற அட்டையும் ஐகானும் யார் வேண்டுமானாலும் செய்யலாம், இப்போது ஏ.ஐ.யே செய்துவிடும்.

தாக்குப்பிடிக்க முடியுமா என்றால், முதல் வருடம் கஷ்டம்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை டீமைக் கலைத்து அடுக்குவார்கள். உங்கள் பி.எம். மாறுவார். பாதி வரைந்த வேலை ரோட்மேப்பிலிருந்து காணாமல் போகும். நான் வரைந்ததில் மூன்றில் ஒரு பங்காவது வெளியே வந்திருக்கும் என்று தோராயமாகச் சொல்லலாம். நம் கைவண்ணம் அப்படியே நிற்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இது ஆகாது. அவர்களுக்கு ஏஜென்சியே நல்லது, அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. நான் விலகியதற்குக் காரணம்கூட வளர்ச்சிதான். பதினோரு பேர் டீமுக்கு மேனேஜரான பிறகு ஈரோடு போக நாள் கிடைக்கவில்லை.

சேருமுன் கேட்க வேண்டியது: கடைசியாக ஒரு டிசைனர் வாடிக்கையாளரை நேரில் போய்ப் பார்த்தது எப்போது? ‘நாங்க யூசர் சென்ட்ரிக்’ என்ற பதில் வந்தால் தேதியைக் கேளுங்கள். சப்போர்ட் டிக்கெட்டுகளை டிசைனர்கள் படிக்க அனுமதி உண்டா என்றும் கேளுங்கள். உங்கள் மேலதிகாரி டிசைனரா, பி.எம்.மா என்பது அப்ரைசல் நேரத்தில் பெரிய வித்தியாசம். டெவலப்பர்கள் எத்தனை பேர், டிசைனர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், உங்களுக்கு யோசிக்க நேரம் கிடைக்குமா கிடைக்காதா என்பது தெரிந்துவிடும். வீட்டில் செய்து வரச் சொல்லும் டெஸ்ட் அவர்களுடைய நிஜ புராடக்ட்டைப் பற்றியதாக இருந்து, ஒரு வாரம் இழுத்தால் நான் செய்ய மாட்டேன்.

ஈசாப், அதாவது கம்பெனிப் பங்கை முன்பே பேசிய விலையில் வாங்கும் உரிமை, கொடுக்கிறார்கள் என்கிறீர்கள். மென்பொருள் கம்பெனியான ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலானபோது ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர்கள் ஆனார்கள் என்று நிறுவனர் கிரிஷ் மாத்ருபூதம் சொன்னார். அந்தச் செய்திக்குப் பிறகு சென்னையின் ஐ.டி. சாலையான ஓ.எம்.ஆரில் ஈசாப் பற்றிப் பேசாத டீக்கடை இல்லை. அப்படி ஆகாத கம்பெனிகள்தான் அதிகம். சட்டப்படி ஒதுக்கிய நாளிலிருந்து குறைந்தது ஒரு வருடம் கழித்துத்தான் முதல் பகுதி உங்கள் உரிமையாகும். வழக்கமாக நான்கு வருடத்துக்குப் பிரிப்பார்கள். பங்கை வாங்கும்போது, அன்றைய மதிப்புக்கும் நீங்கள் கொடுக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம் பொதுவாகச் சம்பளமாகக் கணக்காகி வரி விழும், கையில் காசு வராமலே. வேலையை விட்டால் எத்தனை நாளுக்குள் வாங்க வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சம்பளத்தைப் பேசும்போது ஈசாப்பை பூஜ்யம் என்று வைத்துப் பேசுங்கள்.

அப்புறம் வீடு. ஆபீஸ் ஓ.எம்.ஆரில் என்றால் மெட்ரோ வேலை நடக்கிற சாலையைத் தினமும் கடக்க வேண்டியிராதபடி, அதே பக்கமாகப் பாருங்கள். வாடகை இரண்டாயிரம் கூடினாலும் பரவாயில்லை.